மருத்துவச் சான்றில் ‘பொட்டன்ட்’ என்று எழுதியிருந்தால் வழக்கு முடிந்துவிட்டதா?

அல்சூர் அண்ணன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பெங்களூரு அல்சூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். என் தங்கையின் திருமணம் இந்து முறைப்படி நடந்து, முறையாகப் பதிவும் செய்யப்பட்டது. ஓராண்டுக்கு மேல் கணவருடன் ஒரே வீட்டில் இருந்தும் தங்களுக்குள் தாம்பத்திய உறவு ஒருமுறைகூட ஏற்படவில்லை என்பதை அவள் மிகுந்த தயக்கத்துக்குப் பிறகே அம்மாவிடம் சொன்னாள். இரு வீட்டுப் பெரியவர்களும் பேசிப் பார்த்துப் பயனில்லாமல் போனதால், திருமணத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோரிக் குடும்பநல நீதிமன்றத்தில் மனு செய்திருக்கிறோம்.

அவர்கள் தரப்பு தாக்கல் செய்த பதிலில் இரண்டு தாள்களை இணைத்திருக்கிறார்கள். ஒன்று, ஒரு தனியார் மருத்துவமனை மருத்துவர் கொடுத்த சான்றிதழ். பரிசோதித்துப் பார்த்ததில் இவர் ‘பொட்டன்ட்’ (அதாவது ஆண்மை உள்ளவர்) என்று அதில் ஒற்றை வரியில் எழுதப்பட்டுள்ளது. மற்றொன்று விந்துப் பரிசோதனை அறிக்கை. ஒரு மில்லி லிட்டருக்கு 6 கோடி விந்தணுக்கள் என்று அதில் இருக்கிறது. இதைப் பார்த்த என் பெரிய மாமா, “ஆண்மை இருக்கிறது என்று டாக்டரே எழுதிக் கொடுத்த பிறகு வழக்கு எப்படி நிற்கும், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்” என்கிறார். தங்கையோ தன்னைப் பொய் சொன்னவளாக எல்லோரும் பார்ப்பார்களோ என்று உடைந்து போயிருக்கிறாள்.

நம் பேச்சு வழக்கில் ஆண்மை என்கிறோமே, அதுவும் சட்டம் இந்த இடத்தில் கருதுவதும் ஒன்றுதானா? இந்தச் சான்றிதழ் இறுதியானதா? தங்கையையும் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்துவார்களா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் எங்கள் குடும்பத்துக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

ஜெயநகர் வழக்குரைஞர் எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் மாமாவின் முடிவு அவசரமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனுவைத் திரும்பப் பெற வேண்டிய நிலை எதுவும் இந்த இரண்டு தாள்களால் உருவாகிவிடவில்லை.

உங்கள் மனு இந்து திருமணச் சட்டம், 1955இன் 12ஆம் பிரிவின்கீழ் வருகிறது. எதிர்மனுதாரரின் இயலாமை காரணமாகத் தாம்பத்திய உறவு நிறைவேறாத திருமணத்தை, நீதிமன்றத்தின் ஆணையைப் பெற்று ரத்து செய்துகொள்ளலாம் என்பது அப்பிரிவின் முதல் காரணம். 1976இல் திருத்தம் வருவதற்கு முன்பு இதன் வாசகம் வேறாக இருந்தது. எதிர்மனுதாரர் திருமண நாளிலேயே இயலாதவராக இருந்தார், வழக்குத் தொடுக்கும் நாள்வரை அப்படியே நீடித்தார் என்று இரு காலப் புள்ளிகளையும் மனுதாரர் நிறுவ வேண்டியிருந்தது. ஒருவருடைய உடல்நிலையைப் பின்னோக்கி மெய்ப்பிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இப்போதைய வாசகத்தின்படி, உறவு நிறைவேறவில்லை, அதற்குக் காரணம் எதிர்மனுதாரரின் இயலாமை என்ற இரண்டைக் காட்டினால் போதும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் அந்தப் பழைய முறையிலான வாசகம் இன்றும் இருக்கிறது. ஆனால் அங்கே உறவுக்கு வேண்டுமென்றே மறுத்தார் என்பதும் திருமணத்தை ரத்து செய்யத் தனிக் காரணமாக உள்ளது. இந்து திருமணச் சட்டத்தில் அப்படித் தனிக் காரணம் இல்லை. இந்த வேறுபாடு உங்கள் வழக்குக்கு முக்கியமானது. கீழே மீண்டும் வருகிறேன்.

இயலாமை என்பதற்குச் சட்டத்திலேயே விளக்கம் எழுதப்படவில்லை. அதை நீதிமன்றங்களே வகுத்தன. திக்விஜய் சிங் எதிர் பிரதாப் குமாரி வழக்கில் 1969இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஒருவருடைய மனநிலையோ உடல்நிலையோ தாம்பத்திய உறவை நடைமுறையில் நிகழவே முடியாததாக ஆக்குமானால் அவர் இயலாதவர் என்று கூறியது. மனநிலை, உடல்நிலை இரண்டும் சமமாக வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கணவர். குற்றம் சாட்டப்பட்டவர் மனைவி. ஆகவே சட்டம் பேசுவது ஆண்களைப் பற்றி மட்டுமன்று. கணவர் தம் குற்றச்சாட்டை நிறுவத் தவறியதால் அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியானது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்கள் தங்கையிடம்தான் இருக்கிறது.

ஒருவர் பொதுவாக உடல்நலத்தோடு இருக்கலாம், வேறொருவரோடு உறவு கொள்ளக்கூடியவராகவும் இருக்கலாம். ஆனால் தம் வாழ்க்கைத் துணையிடம் மட்டும் மீற முடியாத மனத்தடையால் இயலாதவராக இருந்தால், அதுவும் இயலாமையே என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. எனவே நீதிபதி கேட்கப்போகும் கேள்வி, ‘இவர் ஆண்மை உள்ளவரா’ என்பது அன்று. ‘இந்த இருவருக்கிடையே இந்தத் திருமணத்தில் உறவு நிகழ்ந்ததா, நிகழவில்லையென்றால் ஏன்’ என்பதுதான். ஒற்றை வரிச் சான்றிதழ் அந்தக் கேள்விக்கு விடை சொல்லவில்லை.

தங்கையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கன்னித்தன்மைப் பரிசோதனை என்ற பெயரில் எதிர்த்தரப்பு மனுப் போட்டால் உறுதியாக எதிர்க்கலாம். மனைவி இயலாமைக் குற்றச்சாட்டு கூறிய வழக்கொன்றில் கணவர் அத்தகைய பரிசோதனையைக் கேட்டபோது, அது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் கண்ணியத்துக்கு எதிரானது என்று 2025இல் சத்தீஸ்கர் உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. மறுபுறம், கணவரை அரசு மருத்துவமனையின் மருத்துவர் குழு முன் பரிசோதனைக்கு அனுப்பக் கோரி நீங்கள் மனுச் செய்யலாம். திருமண வழக்குகளில் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் முதல் நோக்கிலேயே வலுவான காரணம் தென்பட வேண்டும், உத்தரவிட்ட பிறகும் ஒருவர் மறுத்தால் அவருக்கு எதிராக ஊகித்துக்கொள்ளலாம் என்று சாரதா எதிர் தரம்பால் வழக்கில் 2003இல் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது.

ஓய்வுபெற்ற தடயவியல் மருத்துவர் எழுதியது:

வழக்குரைஞர் சொன்னதோடு மருத்துவப் பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன். இந்தக் குழப்பத்தில் பாதி, எங்கள் துறையினர் எழுதும் வாசகத்தைப் பொதுமக்கள் வேறுவிதமாகப் படிப்பதால் வருகிறது.

முறையாகத் தரப்படும் சான்றில் ‘இவர் உடலுறவு கொள்ளும் திறன் உடையவர்’ என்று நாங்கள் எழுதுவதில்லை. ‘இவர் உடலுறவு கொள்ள இயலாதவர் என்று கருத இடமளிக்கும் எதுவும் பரிசோதனையில் காணப்படவில்லை’ என்றே எழுதுவோம். இது வெறும் சொற்சிக்கனம் அன்று. பரிசோதனை அறையில் ஒரு மருத்துவர் காண்பது உறுப்புகளின் வளர்ச்சி, நரம்புகளின் அனிச்சைச் செயல், இரத்த ஓட்டம், சர்க்கரை நோய் போன்றவற்றின் அறிகுறி, தேவைப்பட்டால் டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் என்ற ஹார்மோன்களின் அளவுகள் ஆகியவற்றைத்தான். குறை தென்பட்டால் சொல்ல முடியும். குறை தென்படவில்லை என்றாலும் சொல்ல முடியும். படுக்கையறையில் ஒருவருக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்ல முடியாது. உங்களிடம் உள்ள சான்றிதழ் எந்தெந்தப் பரிசோதனைகள் செய்யப்பட்டன என்பதையே குறிப்பிடாமல் ஒற்றைச் சொல்லில் முடிகிறது என்றால், என் பார்வையில் அது ஒரு மருத்துவக் கருத்தாகவே நிறைவு பெறவில்லை.

மேலும் நுட்பமான பரிசோதனைகளும் உண்டு. உறக்கத்தில் கனவு நிலையின்போது உடல்நலமுள்ள ஆண்களுக்கு இயல்பாகவே விறைப்பு ஏற்படும்; அதை ஒரு கருவியால் இரவு முழுவதும் பதிவு செய்யலாம். பதிவு இயல்பாக இருந்தால் உடலில் பெரிய கோளாறு இல்லை, தடை இருக்குமானால் அது மனம் சார்ந்தது என்று கொள்வோம். டாப்ளர் பரிசோதனையில் அல்ப்ரோஸ்டாடில் அல்லது பாப்பவரின் மருந்தை ஊசி வழியாகச் செலுத்தி, தமனியில் இரத்தம் பாயும் வேகத்தை அளப்போம். அது வினாடிக்கு 25 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் இரத்த வரத்துப் போதவில்லை என்று பொருள். ஆனால் அந்த ஊசி மனத்தின் பங்கையே கடந்து இரத்தக் குழாய்களைத் தூண்டிவிடுகிறது. ஆகவே டாப்ளர் அறிக்கை இயல்பாக இருக்கும் ஒருவர் மனைவியிடம் இயலாதவராகவே இருக்கக்கூடும். இப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய்யர்களும் அல்லர், பலர் மிகுந்த துயரத்தில் இருப்பவர்கள். பாலியல் மருத்துவரும் மனநல ஆலோசகரும் சேர்ந்து அளிக்கும் சிகிச்சையால் கணிசமானோர் நலமடைகிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெண்களுக்கு ஏற்படும் யோனித் தசை இறுக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததுதான். அதுவும் பெரும்பாலும் சிகிச்சைக்குக் கட்டுப்படும்.

அடுத்து அந்த விந்துப் பரிசோதனை. இதுதான் குடும்பங்களை மிக எளிதில் ஏமாற்றும் தாள். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லி லிட்டருக்கு 1.6 கோடி என்பது கீழ்வரம்பு. 6 கோடி அதைவிட வெகுவாக மேலே இருக்கிறது. அதனால் அறியப்படுவது கருத்தரிக்கச் செய்யும் வாய்ப்பு மட்டுமே. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஆணின் விந்தில் அணுக்களே இராது. அவருடைய தாம்பத்திய வாழ்க்கையில் எந்தக் குறையும் வருவதில்லை. மாறாக, முதுகுத் தண்டில் அடிபட்டு உறவு கொள்ள இயலாத ஒருவரிடமிருந்து விந்தணுக்களை எடுத்து, செயற்கை முறையில் குழந்தை பெறச் செய்ய முடிகிறது. விருப்பம், செயல்திறன், கருவளம் ஆகிய மூன்றும் தனித்தனியானவை. நம் ஊர்களில் மூன்றையும் ஆண்மை என்ற ஒன்றிலேயே அடக்கிவிடுகிறோம். போதாக்குறைக்குத் துணிவையும் குடும்பத்தைக் காக்கும் பொறுப்பையும்கூட அதில் ஏற்றிவைக்கிறோம். அதனாலேயே இந்தச் சிக்கல் உள்ள ஆண்கள் மருத்துவரிடம் போகாமல் மறைக்கிறார்கள், அவர்களை மணந்த பெண்கள் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கிறார்கள்.

பீன்யா தரக்கட்டுப்பாடு எழுதியது:

மருந்துத் தொழிற்சாலையில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. அந்தச் சான்றிதழின் ‘பொட்டன்ட்’ என்ற சொல்லோடு தொடர்புடைய பொட்டன்சி, அதாவது வீரியம், எங்கள் துறையில் அளக்கத்தக்க ஓர் எண், அதற்குப் பின்னால் எப்போதும் ஓர் ஒப்பீடு இருக்கும். பாராசிட்டமால் மாத்திரையில் அட்டையில் அச்சிட்ட அளவில் 95 முதல் 105 விழுக்காடு வரை மருந்து இருந்தாக வேண்டும். இன்சுலினை எடையால் சொல்லாமல் யூனிட்டால் சொல்கிறோம். நம் நாட்டில் குப்பியில் வருவது மில்லி லிட்டருக்கு 40 யூனிட், பேனா வகையில் 100 யூனிட். மருந்தியலில் இன்னொரு பயன்பாடும் உண்டு: சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளில் 40 மில்லி கிராம் ஃப்யூரோசமைடு செய்யும் வேலையை ஏறத்தாழ 1 மில்லி கிராம் ப்யூமெட்டனைடு செய்துவிடும், எனவே பின்னதற்குப் பொட்டன்சி அதிகம் என்போம், அதனால் அது சிறந்த மருந்து என்று ஆகிவிடாது. ஹோமியோபதியிலோ எண் கூடக்கூட மேலும் நீர்க்கப்பட்டது என்று பொருள்.

எதைக் கொண்டு அளந்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள் என்பது இல்லாமல் எங்கள் ஆய்வகத்தில் ஓர் அறிக்கை வந்தால் நாங்கள் கையெழுத்திட மாட்டோம். அந்தச் சான்றிதழைக் கொடுத்த மருத்துவரிடமும் உங்கள் வழக்குரைஞர் இதையேதான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கம்மனஹள்ளி வாசகி எழுதியது:

அண்ணா, உங்கள் தங்கையின் நிலையில் நானும் இருந்தவள். சட்டம் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்; நீதிமன்றத்துக்குள் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். அவளை இப்போதே அச்சுறுத்திக்கொண்டிருப்பது பத்துப் பேர் முன்னிலையில் இதைப் பேச வேண்டுமே என்ற எண்ணமாகத்தான் இருக்கும், ஆகவே இதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணை கடினமாக இருக்கும். திருமணமான முதல் வாரம் எந்த ஊரில் இருந்தீர்கள், எத்தனை அறைகள் உள்ள வீடு, அப்போதே தாயிடம் ஏன் சொல்லவில்லை, சுற்றுலா போன படத்தில் சிரித்துக்கொண்டுதானே நிற்கிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். படத்தில் சிரித்ததற்காக அவள் வருந்த வேண்டியதில்லை. நடந்ததை நடந்த வரிசையில், மாதத்தைக் குறிப்பிட்டு, தன் கையாலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் வழக்கில் பெரிதும் உதவியது ஒரு மருந்துச் சீட்டு. நாங்கள் இருவரும் சேர்ந்து ஆலோசனைக்குப் போன நாளில் மருத்துவர் எழுதிய சீட்டில், திருமணமாகி இவ்வளவு மாதம், உறவு நிகழவில்லை என்று தலைப்பிலேயே குறிப்பு இருந்தது. பிறகு அதை யாராலும் மறுக்க முடியவில்லை. அப்படி ஏதேனும் இருக்கிறதா என்று பழைய கோப்புகளைத் தேடிப் பாருங்கள்.

மல்லேஸ்வரம் குடும்பத்தலைவர் எழுதியது:

ஒரு எச்சரிக்கை. இந்தக் குற்றச்சாட்டை உறவினர்கள் முன்னிலையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் பேசாதீர்கள். ஆதாரமின்றிக் கணவரை ஆண்மையற்றவர் என்று பிறர் முன் சொல்வது மனக்கொடுமை என்று கர்நாடக உயர்நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு 2022இல் தீர்ப்பளித்துக் கணவருக்கு விவாகரத்து வழங்கியிருக்கிறது. நீதிமன்றத்தில் சொல்வது வேறு, திருமண மண்டபத்தில் சொல்வது வேறு. அந்தப் பையனுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

அல்சூர் அண்ணன் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் ஐயா எழுதியதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். விந்தணு எண்ணிக்கையைப் பற்றி அவர் இப்போது பேசுவதில்லை. மல்லேஸ்வரம் ஐயா சொன்னதையும் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அம்மா தேடியதில், இருவரும் ஒரு மருத்துவரிடம் ஆலோசனைக்குச் சென்ற சீட்டு ஒன்று கிடைத்திருக்கிறது.

மேலும் இரண்டு ஐயங்கள். சமரச மையத்தில் பேசியபோது, மீண்டும் சேர்ந்து வாழலாம், சிகிச்சையும் எடுத்துக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளை சொல்கிறார். தங்கை போய்ச் சிறிது காலம் இருந்தால் வழக்கு என்னவாகும்? அப்படிப் போக அவளுக்கு மனமில்லை என்றால், சம்மதத்தின் பேரில் பிரிந்துவிடுவது நல்லதா?

ஜெயநகர் வழக்குரைஞர் எழுதியது:

சமரச மையத்தில் பேசுவதால் வழக்குக்குப் பாதிப்பு இல்லை. அங்கே பேசப்படுவது இரகசியமானது, விசாரணையில் அதைச் சான்றாகக் காட்ட முடியாது. சேர்ந்து வாழச் செல்வது வேறு. உறவு ஒருமுறை நிகழ்ந்துவிட்டாலும் 12ஆம் பிரிவின் இந்தக் காரணம் இல்லாமற்போகும். அதன் பிறகு தோன்றும் இயலாமை அந்தப் பிரிவுக்குள் வராது. சிகிச்சையில் நலமடைந்து இருவரும் மனமொத்து வாழ்ந்தால் அதைவிட நல்ல முடிவு இல்லை, ஆனால் அந்த விருப்பம் உங்கள் தங்கையிடமிருந்து வர வேண்டும். வழக்கு பலவீனமாகும் என்ற அச்சத்தால் மறுக்கவோ, பெரியவர்களின் வற்புறுத்தலால் போகவோ வேண்டாம். முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம், 1939இல் கணவர் விண்ணப்பித்தால் தம் இயலாமை நீங்கியதை நிறுவ அவருக்கு ஓராண்டு அவகாசம் தர வேண்டும் என்று எழுதப்பட்டே இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் அப்படிக் கட்டாய அவகாசம் எதுவும் கிடையாது. ஆகவே சிகிச்சைக்காகக் காத்திருக்கும் சட்டக் கடமை அவளுக்கு இல்லை.

சம்மதத்தின் பேரில் விவாகரத்துப் பெற ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். கூட்டு மனுவுக்குப் பின் ஆறு மாதக் காத்திருப்பும் உண்டு. பொருத்தமான வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. குற்றச்சாட்டு எதுவும் இன்றி முடியும் என்பது அதன் நன்மை. ஆனால் கிடைப்பது விவாகரத்து. திருமணம் ரத்து என்ற ஆணை அன்று. இரண்டில் எது வேண்டும் என்பதைத் தங்கையே முடிவு செய்யட்டும். எப்படியானாலும் ஆணை கைக்கு வரும்வரை திருமணம் செல்லுபடியானதே. அதற்குள் வேறு வரன் பேசி நிச்சயிக்க வேண்டாம்.

வழக்கைத் தொடர்வதென்றால் மூன்று காரியங்களை உங்கள் வழக்குரைஞரிடம் உடனே பேசுங்கள். முதலாவதாக, மனுவில் திருத்தம் செய்து, ரத்து இல்லையெனில் மனக்கொடுமையின் அடிப்படையில் விவாகரத்து என்ற மாற்றுக் கோரிக்கையைச் சேர்க்க வேண்டும். நான் முன்பு குறிப்பிட்ட வேறுபாடு இங்கேதான் பயன்படுகிறது: கணவர் உடலளவில் நலமானவர் என்றே நிறுவப்பட்டாலும், நியாயமான காரணமின்றி நெடுங்காலம் உறவை மறுப்பது மனக்கொடுமை என்று வித்யா விஸ்வநாதன் எதிர் கார்த்திக் பாலகிருஷ்ணன் வழக்கில் 2014இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதாவது அவர்களுடைய சான்றிதழை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், திறன் இருந்தும் ஏன் நிகழவில்லை என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அடுத்து, அரசு மருத்துவர் குழுவின் பரிசோதனைக்கான மனு. உங்களிடம் உள்ள ஆலோசனைச் சீட்டு அதற்கு வலுவான முதல்நோக்கு ஆதாரம். கைப்பேசிச் செய்திகளையும் சேர்ப்பதானால் பாரதிய சாட்சிய அதினியம் என்ற இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கோரும் சான்றை உடன் இணையுங்கள்.

மூன்றாவதாக, அந்தத் தனியார் மருத்துவரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைக்க வற்புறுத்துங்கள். சான்றிதழைத் தாக்கல் செய்வதாலேயே அது மெய்ப்பிக்கப்பட்டதாக ஆகிவிடாது. எழுதியவர் வந்து, எந்த நாளில், எந்தப் பரிசோதனைகளைச் செய்து, எதன் அடிப்படையில் அந்தக் கருத்துக்கு வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணைக்கும் உட்பட வேண்டும். சித்தையா சாலையிலுள்ள குடும்பநல நீதிமன்றத்தில் அடுத்த வாய்தாவுக்கு முன்பே இந்த மனுக்களின் படிகளை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டால், அவர்கள் ஆட்சேபனைக்கு அவகாசம் கேட்டு மேலும் ஒரு வாய்தாவைக் கடத்துவதைத் தவிர்க்கலாம்.